ரம்பத்தின் புகை நின்ற நாள்

எங்கள் வீட்டுக்கும் பாய் வீட்டுக்கும் நடுவில் ஒரு நாட்டு வாதாம் மரம் இருந்தது. நின்றது எங்கள் மண்ணில், சாய்ந்தது அவர்கள் பக்கம். உப்பளம் பேட்டையில் எங்கள் சந்துக்கே அதுதான் நிழல். ஐப்பசி மழை விடாமல் பெய்து கொஞ்சம் ஓய்ந்த ஒரு காலையில் துணி காயப்போடப் போனேன். மரத்தடியில் எங்கள் பக்கத்து மண் இட்லி மாதிரி உப்பியிருந்தது. காலை வைத்தால் உள்ளே தொளதொளவென்று போயிற்று. மதில் சுவரில் விரல் நுழைகிற அளவுக்கு விரிசல்.

மரம் சாய்ந்திருந்ததற்கு நேர் கீழே பாயின் அறை. மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்தான். பாய் மார்க்கெட்டில் கைலிக் கடை வைத்திருப்பவர். ஸ்கூட்டரில் போகும்போது சறுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் பிளேட் வைத்து அனுப்பியவர்கள், ஆட்டக் கூடாது அசைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்களாம். கட்டில் போட இடம் இருந்தது அந்த அறையில்தான். அங்கேயே கிடத்தியிருந்தார்கள்.

பாய் வீட்டம்மா மதிலுக்கு மேலே எட்டி என்னிடம் மெதுவாகச் சொன்னாள். "அக்கா, காத்து அடிச்சா கிளை ஷீட்ட உரசுது. அவரு மேலயே பாத்துக்கிட்டு கெடக்காரு. எங்கிட்ட ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறாரு. ஆனா கண்ண மூட மாட்டேங்கறாரு."

அன்று மத்தியானமே துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றிவிட்டார்கள் என்று செய்தி வந்தது. மரம் வெட்டுகிறவர்களுக்கு என் மகன் போன் செய்து பார்த்தான். எல்லாருக்கும் கைகொள்ளாத வேலை. புயல் போகட்டும், வருகிறோம் என்றார்களாம். புயல் போன பிறகு அந்த மரத்தை வெட்ட ஆள் எதற்கு?

அப்போதுதான் என் வீட்டுக்காரர் பரணிலிருந்து மெஷின் ரம்பத்தை இறக்கினார். அவர் மில்லில் வேலை செய்தவர். தறிச் சத்தத்தில் காது மந்தமாகிவிட்டது. மில்லை மூடிய பிறகு, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கிய ஒரு சிப்பாய், எங்கள் ஊரில் சொல்தா என்பார்கள், அவர் வீட்டில் தோட்ட வேலை பார்த்தார். அந்த வீட்டார் பாரிசுக்குப் போகும்போது கொடுத்துவிட்டுப் போன ரம்பம் அது. வரும்போதே பழசு.

இதில் இன்னொரு சங்கடத்தையும் சொல்ல வேண்டும். என் மகனுக்கும் அவன் அப்பாவுக்கும் பேச்சு கிடையாது. என் மகள் கல்யாணப் பந்தியில் எல்லார் எதிரிலும் அவனை ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். அன்றிலிருந்து ஒரே வீட்டில், ஒரே சோற்றுப் பானையில் சாப்பிட்டாலும், பேச்சு என் வழியாகத்தான். எதிரெதிரே உட்கார்ந்துகொண்டு, "அவருகிட்ட சொல்லு," "அவன்கிட்ட சொல்லு" என்பார்கள். நான் ஐந்தாவது வரை படித்தவள். நாலு பேர் எதிரில் வாயைத் திறக்கக் கூச்சம். அதனால்தானோ என்னவோ இந்த வேலை எனக்குப் பாரமாகத் தெரியவில்லை. அவர்கள் சொன்னதைச் சொன்னால் போதும், நானாக எதையும் சொல்ல வேண்டியதில்லை. பாய் வீட்டம்மா என்னைக் கேலி செய்வாள். "போஸ்ட்மேனுக்காவது ஞாயித்துக்கெழம லீவு உண்டு அக்கா, உங்களுக்கு அதுவும் இல்ல."

மறுநாள் சாப்பாட்டுக்குப் பிறகு ரம்பத்தைக் கிளப்பினார். கயிற்றை இழுத்து இழுத்து, கடைசியில் இருமிக்கொண்டு கிளம்பியது. கிளம்பியதுமே புகை. கொஞ்சநஞ்சம் இல்லை, வெள்ளையும் நீலமுமாகச் சந்தே மறைந்துவிட்டது. தீய்ந்த எண்ணெய் நாற்றம். மழை ஈரத்தில் அது மேலே ஏறாமல் தரையோடு தவழ்ந்து மதிலைத் தாண்டி, பாயின் ஜன்னலுக்குள் நுழைந்தது.

"அண்ணே!" என்று உள்ளேயிருந்து பாய் கத்தினார். "மரம் வெட்றீங்களா, கொசு மருந்து அடிக்கிறீங்களா?"

"என்னா சொல்றாரு?" என்றார் இவர்.

"கொசு மருந்தாம்."

இவருக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அதற்குள் பாய் இருமத் தொடங்கிவிட்டார். ஒவ்வொரு இருமலுக்கும் இடுப்பு குலுங்கி, "யா அல்லா" என்று ஒரு முனகல். வீட்டம்மா ஓடிவந்து ஜன்னலைச் சாத்தினாள். சாத்தியும் இருமல் நிற்கவில்லை. ரம்பத்தை நிறுத்த வேண்டியதாயிற்று. புகை அடங்காமல் மரத்தை அறுக்க முடியாது, அறுக்காமல் அந்த மனிதரைப் புயலில் அதன் கீழே விடவும் முடியாது.

இவர் ஏர் ஃபில்டரைக் கழற்றினார். மரத்தூளும் எண்ணெயும் சேர்ந்து அடை மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. பழைய பல் பிரஷ் கொடுத்தேன். சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, ஃபேனுக்கு அடியில் காயவைத்து மாட்டினார். மறுபடி கிளப்பினார். அதே புகை. சோக் மாட்டிக்கொண்டிருக்கிறதா என்று தட்டித் தட்டிப் பார்த்தார். அதுவும் சரியாகத்தான் இருந்தது. பிளக்கைக் கழற்றினார். அது கறுப்பாக, ஈரமாக, எண்ணெயில் பொரித்தெடுத்த மோர்மிளகாய் மாதிரி இருந்தது.

மகன் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவன் என்னிடம் சொன்னான். "அம்மா, அவருகிட்ட சொல்லு. ஆயில் ஜாஸ்தியானாத்தான் பிளக் இப்டி ஊறும்."

இந்த ரம்பத்துக்குப் பெட்ரோலில் கொஞ்சம் ஆயில் கலந்து ஊற்ற வேண்டும், வெறும் பெட்ரோல் ஆகாது. நான் சொல்ல வாயெடுப்பதற்குள் அவருக்கே காதில் விழுந்துவிட்டது. விழ வேண்டியது விழும்.

"அளந்து ஊத்தினேன்னு சொல்லு அவன்கிட்ட. கேன்ல ஆயில் கலந்து வெச்சதே நான்தான்."

மகன் முகம் மாறிற்று. "கேன்ல கலந்தது நான்மா!"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். பாய் வீட்டம்மாவும் மதில் மேல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. "காலையில அவரு ஊத்தினத பாத்தேன். சாப்புட்டதும் நீயும் ஊத்தின. ரெண்டு பேரும்தான் ஊத்தினீங்க," என்றேன்.

பாய் வீட்டம்மாதான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ஒரே ரசத்துக்கு மாமியாரும் மருமவளும் உப்பு போட்ட கதையால்ல இருக்குது!"

கேனில் இருந்ததையெல்லாம் ஒதுக்கி வைத்தார்கள். புது பெட்ரோலுக்கு பங்க்கில் வரிசை தெருமுனை வரைக்கும். அறைக்குள்ளிருந்து பாய்தான் குரல் கொடுத்தார். "அண்ணே, என் வண்டியில டேங்க் நெறைய கெடக்குது. உறிஞ்சி எடுத்துக்குங்க. நான் இப்ப எந்த ஊருக்கு சவாரி போவப் போறேன்?"

மகன் செருப்பை மாட்டினான். பழைய துறைமுகத்துப் பக்கம் படகுக்காரர்களிடம் வடக்கயிறு வாங்கிவரப் போனான். மரத்தைக் கயிறு கட்டி எங்கள் பக்கம் இழுக்காவிட்டால் சாய்ந்த பக்கமே விழுந்துவிடும். "நான் வர்ற வரைக்கும் கிளைய மட்டும் கழிக்கச் சொல்லு. அடிமரத்துல கைவைக்க வேணாம்னு சொல்லு," என்றான். சொன்னேன். இவர் தலையை ஆட்டினார்.

பாயின் ஸ்கூட்டரிலிருந்து ரப்பர் குழாய் போட்டுப் பெட்ரோலை எடுத்து ரம்பத்தில் ஊற்றினார். ஆயில் பாட்டில் ஜன்னல் மாடத்திலேயே இருந்தது.

"ஆயில் கலக்கலையா?" என்று கேட்டேன்.

"ஸ்கூட்டர் பெட்ரோல் அது. அதுலயே ஆயில் இருக்கும். நான் ஓட்டாத ஸ்கூட்டரா?"

அவர் ஓட்டிய காலத்து ஸ்கூட்டரில் பெட்ரோலும் ஆயிலும் ஒரே டேங்க்கில்தான் ஊற்றுவார்கள். இப்போது வருகிற வண்டிகளின் டேங்க்கில் வெறும் பெட்ரோல்தான் என்று அவருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது.

ரம்பம் கிளம்பியது. முதலில் பழைய எண்ணெய் சைலன்சரில் எரிந்து புகைந்தது. அப்புறம் மெலிந்தது. அப்புறம் சுத்தமாக நின்றே போயிற்று. பாய் வீட்டம்மா ஜன்னலைத் திறந்துவிட்டாள். "மாஷா அல்லா, அண்ணன் கை வெச்சா வெச்சதுதான்," என்று பாய் சொன்னது எனக்கே கேட்டது. இவருக்கும் உற்சாகம் வந்துவிட்டது. கிளைகளைக் கழித்த கையோடு, கயிறு வரட்டும் என்று நிற்காமல், அடிமரத்தில் எங்கள் பக்கமாக வாய் பிளந்த மாதிரி ஒரு வெட்டு போட்டார். பிறகு மதில் பக்கம் போய் எதிர் வெட்டு வைத்தார்.

அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். புகை இல்லாமல் அந்த ரம்பத்தைப் பார்க்க எனக்கு என்னவோ போலிருந்தது. சத்தமும் மாறிக்கொண்டே போயிற்று. முதலில் எருமை உறுமுகிற மாதிரி இருந்தது, வரவர மெலிந்து, கீச்சென்று கூர்மையாக ஏறியது. தண்ணீர் வற்றிய பாத்திரத்தை அடுப்பில் மறந்துவிட்டால் வருமே, அந்தச் சூடான இரும்பு வாசனை வந்தது.

மகன் கயிற்றைத் தோளில் சுமந்துகொண்டு உள்ளே வந்தான். மரத்தைப் பார்த்தான், ரம்பத்தைப் பார்த்தான்.

"எந்த பெட்ரோல்மா ஊத்தினாரு?"

"பாய் வண்டியில எடுத்தது."

"ஆயிலு?"

இல்லை என்று தலையை அசைத்தேன். கயிற்றைப் போட்டுவிட்டு, "நிறுத்தச் சொல்லு! நிறுத்தச் சொல்லும்மா!" என்று கத்திக்கொண்டே என்னைத் தாண்டி ஓடினான். அப்போதும் என்னிடம்தான் சொன்னான்.

அதற்குள் ரம்பம் தானாகவே நின்றுவிட்டது. கத்தியை அம்மியில் இழுத்த மாதிரி ஒரு கிறீச். அவ்வளவுதான். கயிற்றை இழுத்துப் பார்த்தார், இம்மியும் அசையவில்லை. ஆயில் இல்லாத சூட்டில் பிஸ்டன் உள்ளேயே பிடித்துக்கொண்டுவிட்டது. பாதி அறுத்த மரம் மெல்ல உட்கார்ந்து, ரம்பத்தின் நாக்கைக் கவ்விக்கொண்டது. இருவரும் சேர்ந்து இழுத்தும் வரவில்லை. எங்கள் பக்கம் ஒரு வெட்டு, பாய் பக்கம் ஒரு வெட்டு, நடுவில் கையகலக் கட்டை. காற்று தொடங்கியிருந்தது.

கயிறு கட்ட இனி யாரும் அதில் ஏற முடியாது. பாயை வெளியே தூக்குவதைத் தவிர வழியில்லை. இவர் தலைமாட்டில், மகன் கால்மாட்டில், சந்துக்காரர்கள் இரண்டு பக்கமும். கட்டிலோடு தூக்கி எதிர்வீட்டு முன்னறைக்குக் கொண்டுபோனார்கள். "மெதுவா," என்றார் இவர், யாரையும் பார்க்காமல். "எறக்கு," என்றான் மகன், சுவரைப் பார்த்து. வலியில் பாயின் முகமெல்லாம் வேர்த்துவிட்டது. ஆனாலும் வாய் சும்மா இல்லை. "வீராம்பட்டினம் தேரு தோத்துது போங்க. முட்டுக்கட்ட போடற ஆளு மட்டுந்தான் கொறச்சல்."

அன்றிரவு யாரும் தூங்கவில்லை. விடிந்தால் பளிச்சென்று வெயில். புயல் வடக்கே போய்விட்டதாம். மரம் அப்படியே நின்றது. சந்துக்காரர்கள் வந்து வந்து பார்த்தார்கள். "பெரியவரே, மரத்துக்கு வெத்தல மடிச்சு குடுத்த மாதிரி ரம்பத்த வாயில குடுத்துட்டீங்களே," என்றார் ஒருவர். இவருக்கு முகம் சுண்டிவிட்டது.

பாய் தன் அறைக்கே போக வேண்டும் என்றார். அடுத்தவர் வீட்டில் எத்தனை நேரம் கிடப்பது? அவர் வீட்டம்மாவும் உதிர்ந்த இலையைப் பெருக்கித் தயார் செய்ய அந்த ஷீட் அறைக்குப் போய்விட்டாள். இவர் ஒரு சம்மட்டியும் இரும்பு ஆப்பும் எடுத்துக்கொண்டு மதிலுக்கும் மரத்துக்கும் நடுவில் போய் நின்றார். வெட்டில் ஆப்பை அடித்து ரம்பத்தை உருவுவதாக உத்தேசம்.

"அம்மா, அங்க போவாதன்னு சொல்லு," என்றான் மகன்.

சொன்னேன். அவர் திரும்பவில்லை. இது விழாத காதா, விழ விடாத காதா, தெரியவில்லை. சம்மட்டி இறங்கியது. காற்றே இல்லை, உச்சியில் இலைகள் மட்டும் நடுங்கின. இன்னொரு அடி. அந்த மரத்தில் எப்போதும் உட்கார்ந்திருக்கும் காக்கைகளில் ஒன்றுகூட இல்லை என்பது அப்போதுதான் கண்ணில் பட்டது. காலடியில் பார்த்தேன். எங்கள் பக்கத்து மண், உப்பியிருந்ததே அந்த இடம், ஒவ்வொரு அடிக்கும் மூச்சு வாங்குகிற மாதிரி ஏறி இறங்கியது. வெடிப்பு வழியாகக் கலங்கல் தண்ணீர் கொப்பளித்தது.

அவர் வெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாரும் வெட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். போகப் போவது வேர்.

எப்படிப் போனேன் என்று எனக்குத் தெரியாது. போய் அவர் கையைப் பிடித்தேன். சந்தே பார்க்க இழுத்தேன். "விடு, மானம் போவுது," என்று உதறினார். "மானம் போவட்டும், நீ வா!" என்று கத்தினேன். கல்யாணமான நாளிலிருந்து அவரை 'நீ' என்று சொன்னதில்லை. மகன் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டான். இருவருமாக இழுத்துக்கொண்டு வந்து சந்தில் விட்டோம்.

பாய் வீட்டம்மா துடைப்பத்தோடு வெளியே வந்துவிட்டாள். "யாரு, அக்காவா கத்தறது?" என்று சிரித்துக்கொண்டே என் அருகில் வந்து நின்றாள். "இத்தன வருசத்துல உங்க தொண்டைய இன்னைக்குத்தான் கேக்கறேன்."

இவர் என்னைத் திட்டத் தொடங்கினார். திட்டி முடிக்கவில்லை. பழைய புடவையைக் கிழிக்கிற மாதிரி மண்ணுக்குள் ஒரு சத்தம். மரம் நிதானமாக, முழுசாக, வேரோடு சாய்ந்து மதிலை உடைத்துக்கொண்டு ஷீட் அறை மேல் இறங்கியது. வெள்ளைத் தூள் எழும்பிச் சந்தை மூடிற்று. எதுவும் தெரியவில்லை.

எதிர்வீட்டு அறையிலிருந்து பாயின் குரல் வந்தது. அங்கிருந்து அவரால் எதையும் பார்க்க முடியாது.

"என்னா ஆச்சு? அண்ணே! எந்தப் பக்கம் விழுந்துது?"

இவர் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. மகன் அப்படியே நின்றான்.

"உள்ள பெருக்கப் போனாளே! யாராச்சும் பேசுங்களேன்! அவ எங்க?"

அவள் என் பக்கத்தில்தான் நின்றாள், துடைப்பத்தை ஒரு கையால் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு. அவளுக்கும் குரல் எழவில்லை. கட்டில் கிறீச்சிடுவது கேட்டது. எழுந்திருக்கப் பார்க்கிறார்.

"எழுந்திரிக்காதீங்க பாய்!" என்று அந்தத் தூளுக்குள்ளிருந்து உரக்கச் சொன்னேன். "இங்க இருக்கா. என் கையத்தான் புடிச்சிக்கிட்டு நிக்கறா."