ரேடியோவில் அம்மா சொன்ன பதில்

மன்னார்குடிப் பக்கம் ஒரு சமூக வானொலியில் சில வருடம் வேலை பார்த்தேன். காலையில் பக்திப் பாட்டு முடிந்த கையோடு, வயலில் எலி பிடிப்பது எப்படி என்று ஒருவர் பேசுவார். பிறகு கர்ப்பிணிகளுக்கு டாக்டர், கூழ் வடகம், பள்ளிப் பிள்ளைகளின் விடுகதை, நடவுப் பாட்டு. அரசியல் மட்டும் கூடாது, விதி அப்படி. எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் வெளியே நிலத் தகராறு ஓயாது. நாங்கள் உள்ளே உட்கார்ந்து வடகம் பிழிந்துகொண்டிருப்போம்.

ஒருநாள் விவசாய நிகழ்ச்சிக்கு வருகிறேன் என்றவர் வரவில்லை. அம்மாவைக் கூட்டிவந்து மைக் முன்னால் உட்காரவைத்தேன். அப்பா போன பிறகு மூன்று மா, ஏறக்குறைய ஒரு ஏக்கர், குத்தகை நிலத்தைத் தனியாகச் சாகுபடி செய்தவள் அவள். நாற்றங்கால் பற்றிப் பிரமாதமாகப் பேசினாள். நிலம் உங்களுடையதா என்று ரேடியோ மரியாதையோடு கேட்டேன்.

"நமக்கேதுங்க நிலம்? ஐயா வீட்டு நிலம். நான் சும்மா பாத்துக்கிறேன்" என்றாள்.

எங்கள் ஊரில் குத்தகைக்காரர்கள் அப்படித்தான் சொல்வார்கள். நான் பயிர் வைக்கிறேன் என்றால் திமிர் என்பார்கள். அந்தப் பதில் அழகாக இருக்கிறதென்று வெட்டாமல் ஒலிபரப்பினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

சில வாரங்களில், நிலச்சொந்தக்காரரான ஐயா அதை விற்கப்போகிறார் என்று பேச்சு வந்தது. குத்தகைதாரர் என்று பதிவாகிவிட்டால் அம்மாவைச் சுலபத்தில் வெளியேற்ற முடியாது. நான்தான் அவளை இழுத்துப்போய்த் தாசில்தாரிடம் மனு கொடுக்கவைத்தேன். விசாரணையன்று ஐயாவின் வக்கீல் செல்போனை எடுத்து அம்மாவின் குரலைப் போட்டார். யாரோ ரேடியோவிலிருந்து பதிவு செய்திருந்தார்கள். இந்த அம்மா வெறும் காவலுக்கு இருந்தவர், குத்தகைக்காரர் இல்லை என்றார்.

சாகுபடி செய்வது யார் என்று தாசில்தார் அம்மாவிடமே கேட்டார். நான்தான் என்று சொன்னால் போதும். அம்மா எதிரே நின்ற ஐயாவை ஒருமுறை பார்த்தாள்.

"ஐயாவையே கேளுங்க" என்றாள்.

போச்சு என்று நினைத்தேன். ஐயா தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். வக்கீல் அவர் கையைத் தொட்டார்.

"நட்டதும் அறுத்ததும் அவங்கதான். குத்தகை நெல்லும் தவறாம அளந்தாங்க" என்றார் ஐயா.

தாசில்தார் எழுதிக்கொண்டார். அம்மா விவரமாகத்தான் அப்படிச் சொன்னாளா, பயந்து சொன்னாளா, இல்லை அவரை நம்பித்தான் சொன்னாளா? அவர்தான் ஏன் உண்மையைச் சொன்னார்? இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. அம்மாவிடம் கேட்டால், போடி வேலையைப் பார்த்துக்கொண்டு என்பாள்.

பதிவு ஆகிவிடும் என்று குமாஸ்தா சொன்ன பிறகு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தோம். டீ வாங்கிக் கொடுத்தேன். குடிக்காமல் அழுதாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

"பெரிய மனுசர நாலு பேரு முன்னாடி தலைகுனிய வச்சிட்டனே" என்றாள்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.