சித்தியின் வெள்ளி மோதிரம்

வெள்ளி நகை என்று யாராவது வாயைத் திறந்தாலே எனக்கு மாமாமேல் பற்றிக்கொண்டு வரும். இத்தனை வருடமாகியும் ஆறவில்லை.

அப்போது நாங்கள் லண்டனில், குட்மேய்ஸ் பகுதியில் இருந்தோம். அம்மாவின் தங்கை, என் சித்தி, எங்களோடு இருந்து ஆஸ்பத்திரி வேலைக்குப் போய்வந்தாள். ஒருநாள் வலக்கையில் ஓர் ஐரிஷ் மோதிரத்தோடு வந்தாள். இரண்டு கைகள் ஓர் இதயத்தைத் தாங்கியிருக்கும். இதயத்தின்மேல் ஒரு கிரீடம். கை நட்பு, இதயம் அன்பு, கிரீடம் விசுவாசம் என்று எனக்கு விளக்கினாள்.

“இதயத்தின்ரை கூர் நகத்தைப் பார்த்தா ஆள் தனி. மணிக்கட்டைப் பார்த்தா மனசிலை ஆள் இருக்கு” என்றாள். எட்டு வயதில் எனக்கு அது நல்ல விளையாட்டாகப் பட்டது. வீட்டில் கூர் எப்போதும் நகத்தைத்தான் பார்த்தது.

அம்மாவின் அண்ணனான மாமாவுக்கு இந்த விளக்கமெல்லாம் எதற்கு?

“வெள்ளி காலுக்கடி! மாப்பிள்ளை வீட்டார் வரேக்கை இதோடை நிண்டா, எங்களிட்டை ஒரு பவுனும் இல்லையெண்டெல்லோ நினைப்பினம்!” என்று துள்ளினார்.

“கழட்ட ஏலாது, அண்ணை.”

மாப்பிள்ளையே வேண்டாமென்று அவள் தலைபாடாய் அடித்துக்கொண்டது ஒருவர் காதிலும் ஏறவில்லை. மோதிரம் வெள்ளியாம், அதுதான் குடிமுழுகிப்போகிற பிரச்சினையாம்!

சனிக்கிழமை அவர்கள் வந்தார்கள். மாப்பிள்ளை லண்டனில் ஐரிஷ் பிள்ளைகளோடு படித்து வளர்ந்தவன். சித்தி தேத்தண்ணீர்த் தட்டை அவன் முன்னால் வைத்துவிட்டு மோதிரத்தைக் கழற்றினாள். மாமாவின் முகம் மலர்ந்தது. அவளோ அதைத் திருப்பி, கூர் மணிக்கட்டைப் பார்க்கப் போட்டுக்கொண்டாள். அவன் மோதிரத்தைப் பார்த்தான், அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு கப்பைக் கீழே வைத்தான்.

“எனக்கு இப்ப கலியாணம் வேண்டாம். அவவிலை ஒரு குறையும் இல்லை.”

அட பாவி! எங்கள் வடையைத் தின்றுகொண்டே எங்கள் சித்தியை வேண்டாமென்கிறானே! “வெள்ளியாலை வந்த வினை!” என்று அவர்கள் கிளம்புமுன்பே மாமா கத்தத் தொடங்கிவிட்டார். குசினிக்குள் அடுப்போரமாகச் சித்தி முகத்தைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்க நின்றாள். பொறுக்கமுடியாமல் வாசலுக்கு ஓடிக் காரில் ஏறப்போனவனை மறித்தேன்.

“எங்கடை சித்திக்கு என்ன குறை?”

அவன் குனிந்து, மெதுவாக, “சித்திக்கு இப்ப சந்தோசமோ?” என்று கேட்டான்.

என்ன கொழுப்பு இவனுக்கு என்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்த வீட்டுக்குள் அன்றுவரை ஒருவரும் அவளைப் பற்றி அப்படிக் கேட்டதில்லை என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.