மனக்கசப்பு நினைவுக் கூட்டத்தில் மூன்றாவது கேள்வி

அந்த ஊரில் உள்நாட்டுப் போர் ஆறு வருஷம் நடந்தது. தெருவுக்கு நாலு வீடு ஆளில்லாமல் போனது. ஆனால் ‘போர்’ என்று எழுதினால் இரண்டு தரப்பும் கோபித்துக்கொள்ளுமே என்று பொது நூலகக் குழு கூடி, ஒரு பகல் முழுக்க மண்டையை உடைத்து, ‘மனக்கசப்பு’ என்ற சொல்லைக் கண்டுபிடித்தது. அதனால் வருஷா வருஷம் நடப்பது ‘மனக்கசப்பு நினைவுச் சொற்பொழிவு’. ஆயிரக்கணக்கான பேர் மனக்கசப்பிலேயே செத்துப்போனதாகத் துண்டறிக்கை சொல்லும். வயிற்றெரிச்சல் என்று போடாமல் விட்டார்களே, அதுவரை புண்ணியம்.

சொற்பொழிவு என்றால் கடைசியில் கேள்வி நேரம் வேண்டும். முதல் வருஷம் நூலகர் மைக்கைப் பிடித்து, “யாராவது கேள்வி கேளுங்க” என்றார். அறுபது பேர் இருந்த கூடத்தில் மின்விசிறிச் சத்தம்தான் கேட்டது. பக்கத்து நாற்காலிக்காரன் அன்றைக்கு எந்தப் பக்கம் நின்றான் என்று தெரியாமல் எவன் வாயைத் திறப்பான்? ‘மக்கள் பங்கேற்பு போதாது’ என்று மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. நூலகர் கடிதத்தோடு நேரே சீட்டக்காவிடம் போனார்.

சீட்டக்கா என்பவள் புத்தகங்களுக்கு அட்டைச் சீட்டு எழுதும் ஊழியர். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ், முத்து முத்தான கையெழுத்து.

“அடுத்த வருஷம் நீங்களே பத்துக் கேள்வி எழுதிப் பெட்டியில போட்டுடுங்கம்மா. பத்துப் பேர் எழுதின மாதிரி இருக்கணும்,” என்றார் நூலகர்.

அன்றிலிருந்து சீட்டக்காதான் மக்கள். ஓய்வுபெற்றவருக்கு இடது கையால் நடுங்கும் எழுத்து, கல்லூரிப் பெண்ணுக்கு உருண்டை எழுத்து, கடைக்காரருக்குப் பச்சை மை. கேள்விகளுக்குத்தான் பல்லே கிடையாது. ‘இளைஞர்களுக்குத் தாங்கள் கூறும் அறிவுரை என்ன?’ என்பதுதான் அதில் கொஞ்சம் காரமானது. கேள்விகளின் நகல், வருஷா வருஷம் சொற்பொழிவாற்றும் பேராசிரியருக்கு முன்கூட்டியே போய்விடும். அவர் எண் போட்டுப் பதில் எழுதிக்கொண்டு வருவார். மனிதருக்குக் காது மந்தம். சொன்னால் சண்டைக்கு வருவார். அதனால் நூலகர் கேள்வியை வாசித்து முடித்ததும் மேசையை ஒரு தட்டு தட்டுவார், பேராசிரியர் அடுத்த எண்ணுள்ள பதிலை வாசிப்பார். ஒன்பது வருஷம் வண்டி இப்படியே ஓடியது.

பத்தாவது வருஷம், கூட்டத்தன்று காலையில், படுக்கையோடு கிடந்த சீட்டக்காவின் அம்மா மாத்திரையை விழுங்கிவிட்டுக் கேட்டாள். “ஏண்டி, பழைய கதையெல்லாம் பேசுற இடத்துலதானே வேலை பாக்குற? உங்கண்ணனை எங்க கொண்டுபோனாங்கன்னு யாரையாவது ஒரு வார்த்தை கேட்டியா?”

“கேட்டுக்கிட்டேதாம்மா இருக்கேன்.”

வாய் கூசாமல் சொல்லிவிட்டாள். பேருந்தில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. ஊரார் பேரில் தொண்ணூறு கேள்வி எழுதியவள், தனக்கென்று ஒன்று எழுதவில்லை. அண்ணன் ரயில் பட்டறைக்கு வேலைக்குப் போனதும், மத்தியானம் பட்டறை வாசலில் ஒரு லாரி வந்து நின்றதும்தான் வீட்டுக்குத் தெரியும். அதற்கு மேல் ஒரு தகவல் கிடையாது. அம்மா இன்னும் எத்தனை நாளைக்கோ. நூலகத்துக்குள் நுழைந்ததும் ஒரு சீட்டை எடுத்து, சொந்தக் கையெழுத்தில் எழுதி, மூன்றாவதாக இருந்த ‘தங்கள் சாதனைகளுக்குத் துணை நின்றவர் யார்?’ என்பதை உருவிவிட்டு அந்த இடத்தில் செருகினாள்.

பேராசிரியர் இரண்டு மணி நேரம் பேசினார். அவர் சொன்ன வரலாற்றில் யாரும் யாரையும் கொல்லவில்லை. துப்பாக்கிகள் தாமாகவே வெடித்தன, வீடுகள் தாமாகவே எரிந்தன. பிறகு கேள்வி நேரம் வந்தது. முதல் இரண்டும் நல்லபடியாகக் கழிந்தன. நூலகர் மூன்றாவது சீட்டை எடுத்தார். கண்ணில் பட்டதை வாய் வாசிக்கும், மூளைக்குப் பிறகுதான் போய்ச் சேரும், அவர் வழக்கம் அது.

“ரயில் பட்டறை வாசலில் லாரியில் ஏற்றிய ஆட்களை எங்கே கொண்டுபோனார்கள்?”

மேசையைத் தட்டினார்.

“அருமையான கேள்வி,” என்றார் பேராசிரியர். “இதற்கு முழுக் காரணம் என் மனைவிதான். அவர் பின்னால் நின்று தூண்டியிராவிட்டால் இவ்வளவு பெரிய காரியம் நடந்தே இருக்காது.”

முதல் வரிசையிலிருந்து அந்த அம்மாள் எழுந்து எல்லாரையும் பார்த்துச் சிரித்தார். கூடம் கைதட்டியது. தட்டிக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொரு கையாக நின்றது. நூலகர் கையிலிருந்த சீட்டை மறுபடி எடுத்துப் படித்துப் பார்த்தார்.

நடுவரிசையில் ஒரு பெரியவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். வருஷா வருஷம் முதல் ஆளாக வந்து கடைசி ஆளாகப் போகிறவர். பிஸ்கட்டுக்குத்தான் வருகிறார் என்று நூலகமே கேலி பேசும், சீட்டக்காவும் பேசியிருக்கிறாள்.

“ஆத்துக்கு அந்தப் பக்கம் இருந்த செங்கச் சூளைக்கு,” என்றார். “பதினாலு பேரு. வண்டி ஓட்டினது நான்தான். திரும்பி வரும்போது வண்டி காலி.”

“இத்தனை வருஷமா வாயில என்னய்யா வச்சிருந்தே?” என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள்.

“வருஷம் தவறாம வந்து உக்காந்தேனே. தானா சொல்ல தைரியம் இல்ல. யாராவது கேட்டா சொல்லிடலாம்னு இருந்தேன். இங்க கேட்டதெல்லாம் இளைஞர்களுக்கு என்ன அறிவுரைன்னுதான்.”

சீட்டக்காவுக்கு அந்த ஆளை அடித்துக் கொல்ல வேண்டும் போல ஆத்திரம் வந்தது. தன் கையை உடைத்துப் போட வேண்டும் போலவும் இருந்தது. இதற்குள் நூலகர் சுதாரித்துக்கொண்டு, “நேரமின்மை காரணமாக இத்துடன் கேள்வி நேரம்…” என்று ஆரம்பித்தார்.

“உக்காருங்க சார். நான் இன்னும் கேட்டு முடிக்கல.”

அந்தக் கூடத்தில் அவள் குரல் கேட்டது அதுதான் முதல் தடவை. நூலகர் உட்கார்ந்துவிட்டார்.

“நெட்டையா, நீலச் சட்டை போட்டு ஒருத்தர் இருந்தாரா ஐயா? எங்கண்ணன்.”

பெரியவர் அவள் பக்கம் திரும்பினார்.

“இருந்தான்மா. ஏறும்போது, ‘சாயங்காலத்துக்குள்ள விட்டுடுவாங்கல்ல அண்ணே, அம்மா தேடுவாங்க’ன்னு என்னைத்தான் கேட்டான். விட்டுடுவாங்கன்னு சொன்னேன்.”