வலியசாலைத் தெருவில் கொசுப்புகை

வலியசாலையில் எங்கள் வீட்டுக்கு எதிர்வீட்டுக்காரர்தான் தெருச் சங்கத்தின் செக்ரட்டரி. மின்சார ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர், மனைவியை இழந்தவர், காலம் கழித்துப் பிறந்து கல்லூரியில் படிக்கும் ஒரே மகளோடு இருந்தார். என் மனைவி அவரை அண்ணா என்பாள். அவர் அவளைக் 'கொழந்தே' என்றுதான் கூப்பிடுவார், எங்களுக்குப் பேரன் பிறந்த பிறகும். எங்கள் வீட்டில் அடை வார்த்தால் அவர் பங்கு எதிர்வீட்டுக்குப் போய்விடும்.

ஒரு மழைக்காலத்தில் அவர் மகளுக்கு டெங்கு வந்தது. ரத்தத்தில் பிளேட்லெட் இறங்கிக்கொண்டே போயிற்று. என் மனைவி ஆஸ்பத்திரியிலேயே அந்தப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவர் வராந்தாவில் நின்றுகொண்டே இருந்தார். உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை. பெண் பிழைத்து வீட்டுக்கு வந்ததும் அவர் செய்த முதல் காரியம், கொசுவுக்குப் புகையடிக்கும் மெஷின் ஒன்றை வாங்கியது.

"இனிமே இந்தத் தெருவிலே ஒரு கொழந்தைக்கும் காய்ச்சல் வரப்படாது, கேட்டேளா" என்றார் என்னிடம்.

தினமும் விளக்கு வைக்கும் நேரத்தில் அந்த மெஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்புவார். டீசலில் கலந்த மருந்து வெள்ளைப் புகையாகப் பீய்ச்சிக்கொண்டு வரும். எங்கள் தெருவில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியவை. புகைக்குப் போக இடம் கிடையாது, உள்ளேதான் வரும். கொசு குறைந்தது உண்மை. தெருவே அவரைக் கொண்டாடியது.

என் மனைவிக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு உண்டு. மெஷின் சத்தம் கேட்டதும் ஜன்னலையெல்லாம் சாத்தி, கதவிடுக்கில் ஈரத்துணியைச் செருகி, பின்கட்டில் போய் உட்கார்ந்துகொள்வாள். அவரிடம் சொல்லலாம் என்று நான் எழுந்தால் கையைப் பிடித்துக்கொள்வாள். "வேண்டாம், போகாதேங்கோ. அவர் பட்ட பயம் எனக்குத் தெரியும். கொஞ்ச நாள் போட்டும்."

ஒருநாள் அவள் கோவிலிலிருந்து திரும்பி வரும்போது மெஷின் வழக்கத்தைவிட முன்னதாகவே கிளம்பிவிட்டது. தெருமுனையில் புகைக்குள் மாட்டிக்கொண்டாள். நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது ஒரு வீட்டுக் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உதடு நீலம் பாய்ந்திருந்தது. பையிலிருந்த இன்ஹேலரை அழுத்தியும் பலனில்லை.

அவர் மெஷினை நடுத்தெருவிலேயே போட்டுவிட்டுக் காரை எடுத்து வந்தார். பின்சீட்டில் அவளை உட்கார வைத்துக்கொண்டேன். அவள் ஏதோ சொல்ல முயன்றாள், பேச்சு வரவில்லை. அவர் சட்டையைக் காட்டினாள். அதில் மருந்து நெடி அடித்தது. புரிந்துகொண்டவர் சட்டையையும் பனியனையும் கழற்றி வெளியே எறிந்துவிட்டு, வெற்றுடம்போடு காரை ஓட்டினார். பழவங்காடி நெரிசலில் ஹாரனை அழுத்திய கையை எடுக்கவில்லை. சிக்னலில் பக்கத்து ஆட்டோக்காரர்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர், "என்ன புகை பட்டது?" என்று மலையாளத்தில் கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் செக்ரட்டரியே சொன்னார்: "நான் அடிச்ச புகையாக்கும் டாக்டர்." என்ன மருந்து, எவ்வளவு கலந்தது என்ற கணக்குத்தான் அவருக்கே தெரியவில்லை. கடைக்காரர் சொன்ன அளவு அவருக்குக் குறைவாகப் பட்டிருக்கிறது. கூடுதலாகவே ஊற்றியிருக்கிறார்.

அவள் வீட்டுக்கு வந்த வாரத்தில் சங்கக் கூட்டம் எங்கள் கூடத்திலேயே நடந்தது. மெஷினை விற்றுவிடப் போகிறேன் என்றார் அவர். பக்கத்து வீட்டு இளம்பெண் கைக்குழந்தையோடு வந்திருந்தாள். அவளுக்குக் கோபம்.

"மாமிக்கு முடியாம போனது கஷ்டம்தான். பின்னே என் கொழந்தைக்கு டெங்கு வந்தா ஆரு நோக்கறது?"

என் மனைவி நாற்காலியில் சாய்ந்தபடி, மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னாள். "நீ கேக்கறது நியாயம்டி. அண்ணாவோட பொண்ணுகூட நான் ஆஸ்பத்திரியிலே இருந்தவளாச்சே. புகையே வேண்டாம்னு நான் சொல்லல்லே. எப்போ, என்ன, எவ்வளவுன்னு ஒரு கட்டுப்பாடு வேணும். எனக்கு முன்னாடியே சொல்லிடணும். உன் கொழந்தையும் அதே காத்தைத்தானே இழுக்கறது?"

பக்கத்து வீட்டுக்காரி குழந்தையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள். "அது செரிதான் மாமி" என்றாள் மெதுவாக.

செக்ரட்டரியே போன் செய்து வார்டு ஹெல்த் இன்ஸ்பெக்டரை வரவழைத்தார். அந்த அம்மாள் வீடுவீடாகப் பார்த்தார். பூந்தொட்டித் தட்டு, பிரிட்ஜின் பின்புறம், மாடியில் கிடந்த பழைய கிரைண்டர் என்று எங்கும் கொசுப்புழு. புகை பறக்கிற கொசுவைத்தான் கொல்லும், தண்ணீரில் இருப்பதை ஒன்றும் செய்யாது என்றார். அதன்பின் எங்கள் தெருவுக்கு ஒரு ஒழுங்குமுறை வந்தது. ஞாயிற்றுக்கிழமை தோறும் தேங்கிய தண்ணீரைக் கொட்டுவது. டெங்கு உறுதியானால் மட்டும் புகை. அதுவும் சுகாதாரத்துறை ஆட்கள் வந்து, அவர்கள் அளவில் அடிப்பது. முதல்நாளே எல்லா வீட்டுக்கும் சொல்வது. செக்ரட்டரி ஞாயிறு காலையில் ஒவ்வொரு வீட்டு மாடியிலும் ஏறி எட்டிப் பார்ப்பதுதான் சிலருக்குப் பிடிக்கவில்லை. எங்கள் மாடியில் தேங்கிய தண்ணீரோடு நாங்களே இரண்டு முறை பிடிபட்டோம்.

அடுத்த மழையில் கோடி வீட்டுப் பையனுக்கு டெங்கு உறுதியாயிற்று. புகையடிப்பதற்கு முதல்நாள் செக்ரட்டரி வீடுவீடாகப் போய்ச் சொல்லிவிட்டு, கடைசியாக எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"கொழந்தே, நாளைக்குச் சாயங்காலம் ரெடியா இரு. மியூசியம் பார்க் பக்கம் போறோம்."

காரில் இடம் பிடிக்கப் போட்டியே வந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரி குழந்தையோடு முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். மரத்தடி பெஞ்சில் கப்பலண்டிக் கடலைப் பொட்டலங்களைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்தோம். குழந்தை என் மனைவியின் மடியில் இருந்து அவள் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கப் பார்த்தது. செக்ரட்டரி அடிக்கடி வீட்டிலிருந்த மகளுக்குப் போன் போட்டார்.

"புகை மணம் போச்சா? போகல்லியா? ஜன்னலைத் திறந்து வை. நாங்க மெதுவாவே வரோம்."

போனை வைத்துவிட்டு, இன்னொரு பொட்டலம் வாங்க எழுந்து போனார்.