கடைசிப் பகுதி கைக்கு வரும் முன்னே

இன்று கட்டுரைப் போட்டி முடிந்து கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்குப் பேருந்தில் வந்தேன். பக்கத்தில் கம்பெனிச் சீருடையில் ஒரு அக்கா, போன வாரம் நான் முடித்த அதே மாத நாவலைப் படித்துக்கொண்டிருந்தார்.

"எப்படி இருக்குக்கா?"

"நல்லா இருக்கும்மா. நீ படிச்சிட்டியா?"

அவ்வளவுதான், ஆரம்பித்துவிட்டேன். பழைய அழுகைப் படம் மாதிரி கடைசியில் கதாநாயகியைச் சாகடித்தது எனக்குப் பிடிக்கவே இல்லை என்றேன்.

"செத்துடுவாளா?"

அப்போதுதான் பார்த்தேன். அவர் கையில் இருந்தது முழுப் புத்தகம் இல்லை. விடுதி அறையில் நான்கு பேர் சேர்ந்து ஒரு நாவல் வாங்கி, நான்காகக் கிழித்து, ஷிப்டுக்கு ஷிப்டு மாற்றிப் படிக்கிறார்களாம். கடைசிப் பகுதி நாளைதான் அவருக்கு வருமாம்.

"சாரிக்கா."

"விடு பாப்பா. மெஷின்ல நிக்கறப்ப, அவ என்ன ஆவாளோன்னு யோசிச்சுட்டே இருந்தா நேரம் போறது தெரியாது."

தாள்களை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டார். சூளகிரி தாண்டி இறங்கும்போது மெதுவாகச் சொன்னார்: "எங்க ரூம் பொண்ணுங்க யாரையாச்சும் பாத்தா வாயத் தொறந்துடாத. இன்னும் ரெண்டு பேர் படிக்கணும்."

முடிவைச் சொல்லாமல் ஒரு கதையைத் திட்டுவது எப்படி? தெரிந்தவர்கள் எழுதுங்கள். நாவலின் பெயரை மட்டும் கேட்காதீர்கள்.