அவள் முழங்காலுக்கு அவர் அளவு

செருப்புக்கடையில் அவளுக்கு ‘அங்குலம்’ என்று பட்டப்பெயர். காலை அளக்காமல் ஒரு ஜோடியும் விற்கமாட்டாள். எட்டாம் நம்பர்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களையும் அளவுப்பலகையில் நிற்கவைத்து, ஒன்பதை மாட்டி அனுப்புவாள். அதற்கு ஒவ்வொருவர் முன்னாலும் தரையில் மண்டியிட வேண்டும். வருடக்கணக்கில் மண்டியிட்டு மண்டியிட்டு எழுந்த வலது முழங்கால் ஒருநாள் வீங்கிவிட்டது. மூட்டுவாதம் என்றார் டாக்டர். முழங்கால் பட்டை போடச் சொன்னார்.

அவளுக்குக் கடையில் விடுப்பு கிடைக்கவில்லை. பட்டை வாங்கக் கணவர் போனார். மருந்துக்கடையில் தன் காலில் மாட்டி, நாலடி நடந்து பார்த்து, கச்சிதமாக இருக்கிறது என்று வாங்கி வந்துவிட்டார். அவர் கால் தூண், அவள் கால் குச்சி. யாருக்கு வலி, யார் காலில் அளவு? அந்த வீட்டில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை. அவளுக்கே தோன்றவில்லை என்பதுதான் வயிற்றெரிச்சல்.

பட்டை நடக்க நடக்கக் கணுக்காலுக்கு இறங்கியது. குனிந்து குனிந்து இழுத்துவிட்டாள். கணவரிடம் சொன்னபோது, தனக்கு நன்றாக நின்றதாகவும் அவள் நடைதான் சரியில்லை என்றும் தீர்ப்பு வந்தது. முதலாளியோ, இப்படி நொண்டினால் கடைப் பெயர் கெடும், மண்டியிட முடியாதென்றால் மாத முடிவோடு நின்றுகொள்ளலாம் என்றார். அந்தச் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது.

டாக்டர் சொன்ன பயிற்சிக்குப் போனபோது, இயன்முறை சிகிச்சை தரும் பெண் பட்டையைத் தூக்கிப் பார்த்தாள்.

“இது யாரோடதுக்கா?”

“என்னோடதுதாம்மா. அவர் போட்டுப் பாத்து வாங்கினாரு.”

சொல்லும்போதே உறைத்தது. ஊரார் காலையெல்லாம் அளந்தவள்! சிரிப்பு வந்தது; கூடவே ஆத்திரமும்.

அந்தப் பெண் முழங்காலுக்கு மேலும் கீழும் நாடா வைத்து அளந்து, வேறு பட்டை கொடுத்தாள். நிற்கவும் நடக்கவும் இது தெம்பு தரும், நோயைத் தீர்க்காது என்றாள். பயிற்சிகளை விடக்கூடாது, மண்டியிடுவதை விட்டே ஆகவேண்டும். பழைய பட்டை கணவருக்கே போனது. அவருக்கு எல்லாம் கச்சிதம், வலிதான் இல்லை.

மறுநாள் கடையில் அவள் ஒரு முக்காலியை இழுத்து, வந்தவர் எதிரே போட்டு உட்கார்ந்தாள். முதலாளி கல்லாவை விட்டு எழுந்து வந்தார்.

“வந்தவங்களுக்குச் சமமா உக்காருவியா?”

“கால் கீழதானே சார் இருக்கு. உக்காந்தாலும் கைக்கு எட்டுது.”

“மரியாதைன்னு ஒண்ணு வேணாமா?”

ஒருத்தி முழங்கால் தேய்ந்தால்தான் நிற்கும் மரியாதை! செருப்பு வாங்க வந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

“கொஞ்சம் தள்ளி நில்லுங்க. வெளிச்சத்த மறைக்கிறீங்க, அந்தம்மா நம்பர் பாக்கணும்.”

முதலாளி உடனே தள்ளி நின்றார். காசு கொடுப்பவர் சொன்னாரே! அவள் ஆயுசு முழுக்கச் சொல்லியிருந்தாலும் நகர்ந்திருக்கமாட்டார்.

“ஒன்பது சார்,” என்றாள் அவள், உட்கார்ந்தபடியே.

மாத முடிவில் அவளை யாரும் நிறுத்தவில்லை. ஆனால் கடை மூடும்போதெல்லாம் முதலாளி அந்த முக்காலியை அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால் ஒளித்துவைக்கிறார். காலையில் வந்ததும் அவள் தேடி எடுத்துப் போட்டுக்கொள்கிறாள்.