உடுடா

டெல்லியில் பதினோரு வருஷம் குப்பை கொட்டியவன் நான். கனவுகூட ஹிந்தியில்தான் வரும் என்று துவாரகாவில் எங்கள் அபார்ட்மென்ட் சொசைட்டி முழுக்கப் பீற்றிக்கொள்வேன். அந்தப் பீற்றலுக்கு வேட்டு வைத்தது பாரம் தூக்கும் ஒரு ஹாய்ஸ்ட்.

பம்பு மோட்டார் ரிப்பேர் செய்யும் ஒர்க்‌ஷாப்பில் எனக்கு சூப்பர்வைசர் வேலை. ஹாய்ஸ்டின் பட்டன் ஒரு பிகார்க்காரர் கையில் இருக்கும். எல்லாருக்கும் அவர் பையா, நம்மூர் அண்ணன் மாதிரி. ஒருநாள் மோட்டாரைத் தூக்கும்போது, சங்கிலி கொக்கியிலிருந்து நழுவுகிறதே என்று கையால் பிடித்தேன். அப்படிப் பிடிக்கவே கூடாது என்று ஊருக்கெல்லாம் வகுப்பெடுப்பவன் நான்தான். சங்கிலி இறுகியது. நடுவில் என் வலது கை விரல் இரண்டு.

"உடுடா, உடுடா" என்று அலறினேன். எங்கள் ஆம்பூர்ப் பக்கம் 'உடு' என்றால் விடு. பையா காதில் விழுந்ததோ 'உட்டா'. ஹிந்தியில் தூக்கு என்று அர்த்தம். மகராசன் தூக்கினார். நான் கத்தக் கத்த இன்னும் ஜல்தியாகத் தூக்கினார். பக்கத்து மெஷின்காரர் ஓடிவந்து பட்டனைப் பிடுங்கி இறக்கும்வரை கால் நுனியில் நின்று ஆடிக்கொண்டிருந்தேன்.

விரல்கள் பிழைத்தன, எலும்புதான் முறிந்தது. "ஹிந்தி பேசிக் கிழிச்சீங்களே, வலிச்சா மட்டும் ஆம்பூரு வந்துடுதா?" என்றாள் மனைவி.

விசாரணை வந்தது. பையாவை வேலையிலிருந்து தூக்குவது என்று மேனேஜர் முடிவே செய்துவிட்டார். "சாப் நே உட்டா போலா, மைனே உட்டாயா", சார் தூக்கு என்றார், தூக்கினேன் என்று அந்த மனிதர் சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தார். யாரும் நம்பவில்லை. நிறுத்து என்று சுத்தமான ஹிந்தியில் கத்தியதாக நான் சொன்னால் என் மானம் தப்பும், அவர் சோறு போகும். வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் சொல்லிவிட்டேன்: தமிழில் கத்தினேன், கையை வைத்ததும் என் தப்பு.

மேனேஜர் மேஜையைத் தட்டிச் சிரித்தார். இனிமேல் ஹிந்தியில் வலிக்கட்டும் என்றார். பையாவின் வேலை தப்பியது.

கிளார்க் வாக்குமூலத்தை எழுதிக் கொண்டுவந்தார். கட்டுப் போட்ட கையால் எங்கே கையெழுத்துப் போடுவது? பி.காம். படித்த நான் இடது கட்டைவிரலை மையில் அழுத்திக் கைநாட்டு வைத்தேன். பையாவும் வைக்க வேண்டுமே என்று மை டப்பாவை அவர் பக்கம் தள்ளினேன். அவர் அதை ஒதுக்கிவிட்டுப் பேனா கேட்டார். ஒரு வரி விடாமல் படித்தார். முழுப்பெயரையும் முத்து முத்தாக எழுதினார்.

பிறகு என் கட்டைவிரலைப் பிடித்து, தன் சட்டை நுனியால் மையைத் துடைத்துவிட்டார். வலிக்கிறதா என்று கேட்டார். ஆமாம் என்று பொய் சொல்லிவிட்டு அழுதேன்.